தொலைக்காட்சியில் பிழை இல்லை

அன்பு மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ ஒன்று கேட்டாய். கலியாணத்துக்குப் பிறகு நீயும் சுபாவும் குடிபோகும் வீட்டுக்கு, எங்களுக்கு வாங்கித் தந்த அதே ஓஎல்இடி தொலைக்காட்சியை வாங்கலாமா என்று. "அப்பா, படம் பாக்க, கேம் விளையாட உண்மையில அது நல்லதா? தங்கச்சி ஜெனி சொன்ன பிழை பிறகு சரிவந்ததா? எனக்காகச் சொல்லாம உள்ளதைச் சொல்லுங்கோ" என்றாய். நான் "நல்லா இருக்கு மகன்" என்று தொடங்கியதும் அம்மா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, சுபாவின் கூறைச் சேலைக்கு என்ன கரை எடுப்பது என்று கதைக்கத் தொடங்கிவிட்டார். அம்மா உன்னை ஏன் அப்படித் திசை திருப்பினார் என்று இப்போது எழுதப்போகிறேன். உன் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது. சுபா பக்கத்தில் இருந்தால் அவளையும் வைத்துக்கொண்டே வாசி.

முதலில் நீ கேட்டதையே சொல்லிவிடுகிறேன். போன நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் அந்தப் பெட்டி ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறி வந்தபோது, இவ்வளவு பெரிய சாமானை வைக்க நம் வீட்டில் சுவர் இருக்கிறதா என்றுதான் எனக்கு யோசனை. தூக்கி வந்தவர்கள் பெட்டியைப் பிரித்ததும் அம்மா பயந்துபோனார். கடதாசி மட்டை போல மெல்லிசு. "இதைத் துடைக்கேக்க உடைஞ்சிடாதோ?" என்று கேட்டுவிட்டு ஒரு கிழமை கிட்டவே போகவில்லை. படம் போட்டதும் நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பழைய தொலைக்காட்சியில் இரவுக் காட்சி வந்தால் திரை முழுக்கச் சாம்பல் பூசினது போல இருக்கும். இதில் இருட்டு இருட்டாகவே இருந்தது. திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுக்கடலில் ஒரு கப்பல் விளக்கோடு வருகிற காட்சி ஒன்று ஓடியது. எத்தனையோ வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினவன் நான்; கடலில் இருட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னையறியாமல் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. பின்னேரம் துறைமுகப் பக்கத்து யன்னலைத் திறந்தால் வெயில் தண்ணீரில் பட்டு நேரே திரையில் அடிக்கும். அப்போது படத்தைவிட யன்னல்தான் நன்றாகத் தெரியும். யன்னல் சீலையை இழுத்து மூடினால்தான் பார்க்கலாம். சத்தமும் போதாது. ஆட்கள் கதைப்பது தொண்டைக்குள் கதைப்பது போலக் கேட்கிறது, தனியாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைக்கத்தான் வேணும். செய்தி அலைவரிசையை நாள் முழுக்கப் போட்டுவிட வேண்டாம், மூலையில் நிற்கிற சின்னம் திரையிலேயே பதிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார், அதனால் அம்மா சமைக்கும்போது வானொலிக்குத் திரும்பிவிட்டார். ஆனால் ஒன்று, குசினி வாசலில் நின்று சரிந்து பார்த்தாலும் முகங்களின் நிறம் மாறுவதில்லை. அம்மா நாடகம் பார்ப்பது அங்கே நின்றுதான் என்பதால் அவருக்கு அது பெரிய விஷயம்.

விளையாட்டைப் பற்றித்தான் இனிமேல் சொல்ல வேண்டும். நீ மெல்பேர்னிலும் ஜெனி இங்கேயுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்தாட்டம் விளையாடுவதற்குத்தானே அதைத் தேடித் தேடி வாங்கினாய். பூசை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். பெரிய திரைக்குக் கிட்ட இருந்தால்தான் உள்ளே நிற்கிற மாதிரி இருக்கும் என்று நீ சொன்னபடி கிட்டவே இருப்பாள். உங்கள் இரண்டு பேருடைய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆசிரியை ஒருத்தி "அண்ணா, கள்ளன்!" என்று கத்துவதைக் கேட்டு அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அந்தச் சத்தம் இந்த வீட்டுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று, அது நின்ற பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

கொஞ்ச நாளில் அவள் தோற்கத் தொடங்கினாள். பந்து பக்கவாட்டிலிருந்து வரும்போது திடீரென்று முளைத்தது போல வருகிறது, ஆட்கள் பிந்தித்தான் தெரிகிறார்கள் என்று சொன்னாள். நீ இணைய இணைப்பு மெதுவாக இருக்கும் என்றாய். இணைப்பே இல்லாமல் தனியாக விளையாடிப் பார்த்தாள், அதே கதைதான். விளையாட்டுக்கென்று உள்ள முறையில் போட்டிருக்கிறாயா என்று கேட்டாய், போட்டிருந்தாள். வயரை மாற்றச் சொன்னாய், மாற்றினோம். இரவில் காட்டுக்குள் நடக்கிற வேறொரு விளையாட்டை அனுப்பினாய். இந்தத் திரையின் இருட்டைப் பார்த்து உலகமே மெச்சுகிறது என்றாய். அவள் அதை ஒரு தரம் போட்டுவிட்டு, "ஒண்டும் தெரியேல்லை அண்ணா, வெறும் கறுப்பு. இது நல்ல ரீவி இல்லை" என்றாள்.

அந்த வசனம்தான் உனக்குச் சுட்டது. எனக்கு நினைவிருக்கிறது, ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லாரும் கேட்டோம். "நான் எத்தினை பேரிட்டக் கேட்டு, எவ்வளவு வாசிச்சு வாங்கினனான் தெரியுமா? இதைவிடக் கெதியான திரை இல்லை. தோத்தா தோத்தது எண்டு சொல்லு, ரீவியைச் சொல்லாத. உனக்கு நான் எதைச் செய்தாலும் குறைதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஜெனி விளையாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்பா, நான் பொய் சொல்லேல்லை" என்றாள். அடுத்த ஞாயிறு அவள் விளையாடவில்லை, நீயும் அழைக்கவில்லை. அதற்குப் பிறகு உங்களுக்குள் சாப்பாடு, காய்ச்சல், மழை என்பதற்கு மேலே ஒரு கதையும் இல்லை.

தான் பொய் சொல்லவில்லை என்று காட்டத்தான் அவள் கடைக்கு அறிவித்தாள். அவர்கள் அனுப்பியவர் ஒரு நடுத்தர வயதுக்காரர், திருத்துகிற வேலையில் பழகினவர். பின்னேரம் வந்தார். யன்னல் சீலையை இழுத்து மூடச் சொன்னார். திரை முழுக்க வெள்ளை போட்டார், பிறகு சாம்பல், பிறகு கறுப்பு. மூலை மூலையாகப் பார்த்தார். கடைசியாக, கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைச் சதுரம் ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்குப் போகிற ஒரு சோதனையைப் போட்டார். ஜெனியைக் கதிரையில் இருத்தி, "தங்கச்சி, நடுவைப் பாத்துக்கொண்டு இருங்கோ. சதுரம் வரேக்க சொல்லுங்கோ" என்றார்.

சதுரம் இடது ஓரத்தில் வந்தது. நான் பார்த்தேன். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். ஜெனி ஒன்றும் சொல்லவில்லை. அது நகர்ந்து நகர்ந்து நடுவுக்குக் கிட்ட வந்தபோது, "இப்ப வந்திட்டுது" என்றாள். அவர் வலப்பக்கத்திலிருந்து விட்டார். அதுவும் அப்படித்தான். "பாத்தீங்களா, பிந்தித்தானே வருது?" என்று அவள் வெற்றி பெற்றவள் போலக் கேட்டாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"ஜெனி, திரும்பாத. ரீவியையே பார். என்ர கை தெரியுதா?"

அம்மாவின் கை அவளுடைய கண்ணுக்குப் பக்கவாட்டில், கன்னத்தைத் தொடாத குறையாக இருந்தது.

"எந்தக் கை அம்மா?" என்றாள் உன் தங்கச்சி.

அந்த மனிதர் திரையை நிறுத்தினார். வயரை மெதுவாகச் சுருட்டினார். போகும்போது வாசலில் நின்று, "ரீவியில ஒரு பிழையும் இல்லை ஐயா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஏதோ அவர்தான் பிழை செய்தவர் போல இருந்தது அவருடைய முகம்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கரண்ட் போனால் அவள் நின்ற இடத்திலேயே நின்று அழுவாள். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரிப்போம்; நீதான் தடவித் தடவிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவாய். போன வருடம் சல்லிக் கடற்கரையில் கருவாடு வாங்கிக்கொண்டு பொழுதுபடத் திரும்பும்போது, கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் கயிற்றில் இடறி விழுந்தாள். எல்லாரும் சிரித்தோம், அவளும் மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். கிண்ணியாப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போய்வந்தவள், பாலத்தில் பொழுதுபட எதிரே வருகிற வாகன வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி, கூடப் படிப்பிக்கிற ஃபர்சானா ரீச்சரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிப் போகத் தொடங்கியிருந்தாள். சிநேகிதிகள் சேர்ந்து போகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவளுக்கே தெரியாது, மகன். எல்லாருக்கும் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாள்.

கொழும்புக்குக் கூட்டிப்போனோம். உனக்கு மாதாவின் திருத்தலத்துக்குப் போகிறோம் என்று சொன்னது அந்தப் பயணத்தைத்தான். கண் டொக்டர் அவளை நிறைய நேரம் பரிசோதித்தார். விழித்திரையில் வருகிற நோய். ஓரப் பார்வையும் இருட்டில் பார்க்கிற சக்தியும் முதலில் போகும், நடுப்பார்வை பல காலம் நிற்கலாம், எவ்வளவு வேகமாகப் போகும் என்று யாராலும் சொல்ல ஏலாது என்றார். மருந்து கேட்டேன். இவளுக்குக் கொடுக்கிற மாதிரி இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "நீங்கள் சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

"ஓம். என்ர மாமான்ர மகள்" என்றேன். வாழ்க்கையில் எத்தனையோ தரம் பெருமையாகச் சொன்ன வசனம் அது. உனக்குத் தெரியும், அம்மாவைக் கட்டுவதற்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று. அவர் தலையை ஆட்டினார். குற்றம் சொல்கிற குரலில் ஒன்றும் சொல்லவில்லை. இந்த நோய் எங்கள் இரண்டு பேரிடமும் ஒளிந்திருந்து, எங்களை ஒன்றும் செய்யாமல், பிள்ளைக்கு வந்திருக்கலாம் என்று விளக்கினார். திரும்பி வரும்போது பஸ் கந்தளாயைத் தாண்டியது. அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு, "நாங்கள் கட்டாமல் இருந்திருந்தா இந்தப் பிள்ளைக்கு இது வந்திராது" என்றார். முன் ஆசனத்தில் நித்திரை என்று நாங்கள் நினைத்த ஜெனி திரும்பினாள். "நீங்கள் கட்டாமல் இருந்திருந்தா நான் எங்க அம்மா இருந்திருப்பன்?" என்றாள். பஸ்ஸில் எல்லாரும் இருக்க, அம்மா எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போய், கிணற்றடியில் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு அம்மா தொலைக்காட்சிக்கு மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவிட்டார். அந்தச் சாமான்தான் பிள்ளையின் கண்ணை எடுத்தது போல, அதைத் தாண்டிப் போகும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் எடுக்கவில்லை. வீட்டுக்குள் வெள்ளைத் துணியோடு அது நின்றது. ஒரு சனிக்கிழமை ஜெனி பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தவள், பையை வைத்ததும் விரிப்பை இழுத்து மடித்தாள். "என்னம்மா இது, செத்த வீடு மாதிரி? எனக்கு இன்னும் கண் தெரியுது. தெரியிற மட்டும் நல்லதாப் பாப்பம்" என்றாள். அம்மா அந்த விரிப்பை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

இப்போது அவள் இருக்கிற இடத்தைச் சொன்னால் உனக்கு வியப்பாக இருக்கும். கதிரையைப் பின்னுக்கு இழுத்து, முன்னறையைத் தாண்டி, குசினி வாசலுக்கே கொண்டுபோய்விட்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் முழுத் திரையும் அவளுடைய பார்வைக்குள் அடங்கிவிடுகிறது. அவ்வளவு பெரிய திரையை வாங்கி, அதைச் சின்னதாக்குவதற்கு இவ்வளவு தூரம் போய் இருக்கிறாளே என்று எனக்கு முதலில் வயிறு எரிந்தது. ஆனால் அங்கிருந்து அவளுக்குப் பந்து பிந்தி வருவதில்லை. நிறங்கள் பளிச்சென்று இருப்பதால் ஆட்களைப் பிரித்துப் பார்க்கலாம் என்கிறாள். பழைய தொலைக்காட்சியாக இருந்தால் அந்தத் தூரத்தில் ஒன்றும் விளங்கியிராது. சமைக்க உள்ளே போகிற அம்மா ஒவ்வொரு தரமும் அவளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஏசுவதில்லை. போகும்போது ஒரு தரம் தலையைத் தொட்டுவிட்டுப் போகிறார்.

எல்லா நாளும் இப்படி இல்லை. சில நாள் அவள் பாடசாலையால் வந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். ஒரு நாள் வகுப்பில் ஓரமாகக் கை உயர்த்திக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைக் காணவேயில்லையாம். அந்தப் பிள்ளை, ரீச்சருக்குத் தன்னைப் பிடிக்காது என்று நினைத்து அழுததாம். அதைச் சொல்லிவிட்டு ஜெனி அழுதது, டொக்டர் சொன்ன நாளில் அழுததைவிடக் கூடுதல். இப்போது வகுப்புக்குள் நடந்து நடந்து படிப்பிக்கிறாள். எவ்வளவு காலத்துக்கு என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்பதில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது அவள்தான். கலியாண வேலையில் இருக்கிறாய், அந்தச் சண்டையை நினைத்து நொந்துபோவாய், அது முடியட்டும் என்றாள். அம்மாவும் ஓம் என்றார். எனக்கு அதில் ஒரு பயம் இருந்தது. ஏனென்றால் டொக்டர் இன்னொன்றும் சொன்னார்: இவளுடைய அண்ணனும் ஒரு தரம் கண்ணைக் காட்ட வேண்டும். உனக்கு இதுவரைக்கும் இருட்டில் கஷ்டம் ஒன்றும் இல்லாதபடியால் நல்லபடியாக இருக்கத்தான் கூடும், சுபா நமக்குச் சொந்தம் இல்லாதபடியால் உங்கள் பிள்ளைகளுக்கு வருகிற பயமும் குறைவு என்றார். என்றாலும் பார்க்காமல் விடக்கூடாது என்றார். இதை நீ கலியாணத்துக்குப் பிறகு அறிந்தால், எங்களை மன்னித்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். சுபா மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவளும் ஒரு வீட்டின் பிள்ளை. ஆகவே நீ தனியாகப் போகாதே. அவளையும் கூட்டிக்கொண்டு போ. டொக்டர் சொல்வதை அவளும் தன் காதால் கேட்கட்டும். அவளுக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்றால் கொடு. மண்டபம், சேலை, பதிவு எல்லாவற்றையும் தள்ளி வைக்கலாம். உன்னைப் பார்த்து எவராவது ஏதும் கதைத்தால், அதைத் தாங்குவதற்கு நானும் அம்மாவும் இருக்கிறோம்.

நேற்றுக் காலை இதையெல்லாம் ஜெனியிடம் சொன்னேன். நீ புதுத் தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். "சரி அப்பா, எழுதுங்கோ. ஃபோன்ல சொல்லாதேங்கோ. ஃபோன்ல சொன்னா அண்ணா அந்த இடத்திலயே எனக்கு ஏதாவது சொல்ல வேண்டி வரும். பாவம்" என்றாள். எழுதி முடித்து இதுவரைக்கும் உள்ளதை அவளிடமே கொடுத்தேன். யன்னலடியில் வைத்து, தலையை மெதுவாக வரி வரியாக நகர்த்தி வாசித்தாள். அம்மா பஸ்ஸில் அழுத இடத்தில் நிற்பாள் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கடைசித் தாளைத் திருப்பித் தரும்போது, "ரெண்டு விஷயம் சேருங்கோ" என்றாள். "ஒண்டு, அந்த ரீவியையே வாங்கச் சொல்லுங்கோ. நல்லது. நான் சொன்னது பிழை. மற்றது, இனி விளையாடேக்க எனக்காக ஒரு கோலும் சும்மா விடக்கூடாது. விட்டா எனக்குத் தெரியும். நடுவில எனக்கு இன்னும் நல்லாத் தெரியுது."

இரண்டையும் எழுதிவிட்டேன். வாசித்த கையோடு எங்களை அழைக்காதே, மகன். உனக்குத் தேவையான அளவு நேரம் எடு. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் நாங்கள் யன்னல் சீலையை மூடிவைப்போம். அழைக்கும்போது எனக்கோ அம்மாவுக்கோ அல்ல, அவளுக்கு எடு.

அன்புடன்,
அப்பா